எழுபது பவுண்டு வீராப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பெரிய வில்லாளி எல்லாம் இல்லை. வில் பிடித்து இரண்டு வருஷம் ஆகிறது. அதில் முதல் எட்டு மாதம் தப்பான வில்லோடு மல்லுக்கட்டியதிலேயே போய்விட்டது. ஆனாலும் "மலிவா ஒரு காம்பவுண்ட் வில் வேணும், பழகவும் ஆகணும், மான் வேட்டைக்கும் ஆகணும், எது வாங்கலாம்?" என்று டிபார்ட்மெண்டில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் தொண்டை வறளப் பேசுவதற்குப் பதில் இங்கே மொத்தமாகக் கொட்டிவிடுகிறேன்.

நான் படிப்பது அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்தில். காம்பவுண்ட் வில்லுக்குப் பிறந்த வீடே இதுதான். பில்லிங்ஸ் என்ற சின்ன ஊர்க்காரரான ஹாலஸ் வில்பர் ஆலன் 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969-இல் வாங்கினார். வில்லின் இரண்டு நுனியிலும் கப்பி மாட்டினால் என்ன என்பதுதான் அவர் யோசனை. நம்மூர்க் கிணற்றுக் கப்பி மாதிரி இல்லை, இதில் அச்சு நடுவில் இல்லாமல் ஓரமாகத் தள்ளியிருக்கும். அதனால் நாணை இழுக்க இழுக்கக் கனம் ஏறி உச்சத்துக்குப் போய், கடைசியில் சட்டென்று இறங்கிவிடும். இதற்கு லெட்-ஆஃப் என்று பெயர். 60 பவுண்டு வில்லில் லெட்-ஆஃப் 80 சதவீதம் என்றால், முழுக்க இழுத்தபின் கையில் நிற்பது 12 பவுண்டுதான். நிதானமாகக் குறி பார்க்கலாம்.

ஆனால் அந்த 12-க்கு வருவதற்கு முன்னால் 60-ஐத் தாண்டியாக வேண்டும் அல்லவா? இங்கேதான் நான் கவிழ்ந்தேன்.

முதலில் போன கடையில் எடுத்தவுடன் 70 பவுண்டு வில்லைக் கையில் கொடுத்தார்கள். இழுக்க முடியவில்லை. பக்கத்தில் பதினாலு வயசுப் பையன் ஒருத்தன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். மானம் போன கடுப்பில், அதைவிடக் கொஞ்சம் இலகுவான பழைய வில் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். விளம்பரத்தில் 'வினாடிக்கு 330 அடி வேகம்' என்று போட்டிருந்தது. அந்த வேகத்தை 70 பவுண்டு, 30 அங்குல இழுப்பு, 350 கிரெய்ன் எடையுள்ள அம்பு என்ற கணக்கில்தான் அளப்பார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. இழுப்பு ஒரு அங்குலம் குறைந்தாலே கிட்டத்தட்ட பத்து அடி வேகம் போய்விடும். என் கை நீளத்துக்கு அந்த 330 கனவிலும் வராது.

கை நீளம் என்றதும் ஞாபகம் வருகிறது. இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, விரல் நுனிக்கு விரல் நுனி அங்குலத்தில் அளந்து 2.5-ஆல் வகுங்கள். அதுதான் உங்கள் இழுப்பு நீளம், தோராயமாக. எனக்கு 67 அங்குலம், அதாவது 27-க்குக் கொஞ்சம் கீழே. வாங்கி வைத்திருந்ததோ 29. விளைவு, ஒவ்வொரு அம்புக்கும் நாண் முன்னங்கையில் பளார் என்று ஒரு அறை. அந்த மாடலில் நீளத்தை மாற்ற வேறு பாகம் வாங்க வேண்டும், அதை மாட்ட பிரஸ் வைத்திருக்கும் கடைக்குப் போக வேண்டும். நாணும் நைந்திருந்தது. எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் புது வில் விலை வந்துவிட்டது. மலிவு!

ஆகவே என் கருத்து இதுதான். பிராண்ட், வேகம் இரண்டையும் மறந்துவிட்டு, எவ்வளவு தூரம் மாற்றி அமைக்கலாம் என்பதை மட்டும் பாருங்கள். இப்போது என்னிடம் இருப்பது இன்னொருவர் பயன்படுத்திய டயமண்ட் இன்ஃபினிட் எட்ஜ் ப்ரோ. 5-இலிருந்து 70 பவுண்டு வரை, 13-இலிருந்து 31 அங்குலம் வரை ஆலன் சாவியாலேயே மாற்றிக்கொள்ளலாம். நான் 35-இல் ஆரம்பித்து இப்போது 48-இல் இருக்கிறேன். பேர் கம்பெனியின் க்ரூஸரும் இதே ரகம். இந்த மாதிரி வில்கள் குறிமுள், அம்புக்கூடு எல்லாம் சேர்த்து சுமார் 400, 500 டாலருக்குக் கிடைக்கும். ஆயிரத்துச் சொச்சம் டாலர் வில்லை நீங்கள் தொடவே வேண்டாம். மிச்சக் காசில் ஒரு நல்ல ரிலீஸும், உங்கள் வில்லுக்குப் பொருந்தும் அம்புகளும் வாங்குங்கள். (அம்பு தொலையும். நிறையத் தொலையும்.)

எவ்வளவு பவுண்டு வைக்கலாம்? நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கி, வில்லை வானத்தைப் பார்த்து ஏற்றாமல் நேராக இழுத்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் அது உங்கள் கனம் இல்லை. "70 இல்லாம மான் விழாது" என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். கொலராடோவில் சட்டமே குறைந்தபட்சம் 35 பவுண்டு என்றுதான் கேட்கிறது. உலக வில்வித்தைப் போட்டிகளில் காம்பவுண்ட் வில்லுக்கு உச்ச வரம்பே 60. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்டின் ஐந்து தங்கத்தையும் நம்மாட்கள் அள்ளியது அந்த வரம்புக்குள்தான். (ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு: அங்கே இலக்குப் பலகை மட்டும்தான். 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும்.)

கனமான வில்லில் அம்பு கொஞ்சம் நேர்க்கோட்டில் போகும், தூரக் கணிப்பில் சின்னத் தப்பு நடந்தாலும் மன்னிக்கும் என்பது உண்மைதான். ஆனால் குளிரில் மூன்று மணி நேரம் மரத்தில் உட்கார்ந்து விறைத்துப்போன தோளுக்கு அது பொருந்தாது.

போன நவம்பரில் லேப் சீனியர் ஒருவரோடு சும்மா கூடப் போனேன். நல்ல மனுஷன், ஆனால் 70 பவுண்டு ஆசாமி. மான் வந்தது, இருபத்தைந்து கஜம்தான் இருக்கும். அவர் வில்லை மேலே தூக்கி இழுத்தார், அசைவைப் பார்த்து மான் திரும்பியது, அம்பு வயிற்றில் பாய்ந்தது. அம்பு துப்பாக்கிக் குண்டு மாதிரி அதிர்ச்சியில் கொல்வதில்லை, ரத்தம் போய்த்தான் சாகும். நுரையீரலில் பட்டால் சீக்கிரம் முடிந்துவிடும், வயிற்றில் பட்டால் மணிக்கணக்கில். ராத்திரி இரண்டு மணி வரை டார்ச் அடித்து இலை இலையாக ரத்தம் தேடினோம். கிடைக்கவில்லை. மறுநாளும் கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது காரில் இரண்டு பேரும் பேசவே இல்லை.

அதற்குப் பிறகு நானே எனக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ஒரு காகிதத் தட்டை மாட்டி, எந்தத் தூரத்தில் எல்லா அம்பும் அதற்குள் விழுகிறதோ அதுதான் என் வேட்டைத் தூரம். இப்போதைக்கு 18 கஜம். போன மாதம் 20-இல் ஆறில் ஒன்று வெளியே போனது. அதனால் இந்த சீசனில் 18-க்கு அந்தப் பக்கம் எவ்வளவு அழகான மான் நின்றாலும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கடைசியாக ஒன்று. விடுதியில் வில் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை, என்னுடையது நண்பன் வீட்டில் இருக்கிறது. பார்க்க வருபவர்கள் வாருங்கள். ஆனால் தயவுசெய்து அம்பு இல்லாமல் நாணை இழுத்து விட்டுப் பார்க்காதீர்கள். விசை போக இடமில்லாமல் வில்லே உடைந்து முகத்தில் தெறிக்கும். ஏற்கெனவே ஒருத்தர் முயற்சி செய்தார், பாய்ந்து போய்க் கையைப் பிடித்தேன் :-(