சான்றே முதற் காப்பு

பலேர்மோ துறைமுகத்தை அண்டிய வீதிகளில் வீட்டுவேலைக்கும் உணவகங்களுக்கும் செல்லும் எம்மவர் சிலர், சம்பளம் மறுக்கப்பட்டாலும் வாய்திறக்க அஞ்சுகின்றனர். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் எங்கே என்பதே அவர்களது கேள்வி. அவர்களுக்கு ஒரு பழைய வழக்கை நினைவூட்ட விரும்புகின்றோம்.

1893ஆம் ஆண்டு ஒரு வணிக நிறுவனத்தின் வழக்குக்காகத் தென்னாபிரிக்கா சென்றவர் இளஞ் சட்டத்தரணி காந்தி. பொதுப்பணிக்கு ஊதியம் பெற மறுத்து, வணிகர் தந்த வழக்குகளால் வாழ்க்கை நடத்தியவர் அவர். டர்பனில் தொழில் தொடங்கிச் சில மாதங்களே கழிந்திருந்தன. முதலாளியால் அடியுண்டு பல் உடைந்த பாலசுந்தரம் என்னும் தமிழ் ஒப்பந்தக் கூலியாள் அழுதவாறு அவரிடம் வந்தார். காந்தி முதலில் வைத்தியரின் சான்றிதழைப் பெற்றார்; பின்னரே நீதவானிடம் அழைத்துச் சென்றார். ஒப்பந்தக் கூலியாள் வேலையை விட்டு விலகுவது அந்நாளில் குற்றம். ஆகவே முதலாளியைத் தண்டிப்பதைவிட, பாலசுந்தரத்தை வேறொருவரிடம் மாற்றுவதையே அவர் நாடினார். அதில் வெற்றியும் கண்டார்.

இன்று இத்தாலியில் ஏழைகளுக்கும் நீதிமன்றில் வாதாட வழி இருத்தல் வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை. சட்டபூர்வமாக வசிப்போரில் வருமானம் வரம்புக்குட்பட்டவர்கள், சட்டத்தரணியின் கட்டணத்தை அரசே செலுத்துமாறு உள்ளூர்ச் சட்டத்தரணிகள் அவையிடம் விண்ணப்பிக்கலாம். உடன்படிக்கை செல்லாதெனினும், செய்த வேலைக்குரிய ஊதியத்தைக் குடியியற் சட்டக்கோவையின் 2126ஆம் உறுப்புரை காக்கின்றது.

ஆயினும் சான்று எம்மிடமே இருத்தல் வேண்டும். வேலை செய்த நாள், நேரம், பெற்ற பணம் யாவற்றையும் இன்றே குறித்து வையுங்கள். ஊதியக் கோரிக்கைக்குப் பொதுவாக 5 ஆண்டுக் காலவரம்பு உண்டு. காலம் தாழ்த்தாதீர்கள்.