வர்ணம் பிறகு, ரப்பர் முதலில்!

அம்பாசிடர் கார் தயாரிப்பு 2014-ம் ஆண்டு மே மாதம் நின்றுவிட்டது. மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தர்பாரா தொழிற்சாலையில் உருவான வண்டி அது. இங்கிலாந்தின் "மோரிஸ் ஆக்ஸ்போர்டு" காரை ஒட்டிச் செய்யப்பட்டது.

இன்றும் அதைப் பெற்ற பிள்ளைபோல் பாதுகாப்பவர்கள் இருக்கிறார்கள். புது வர்ணம் அடிக்கிறார்கள். பம்பருக்கு முலாம் பூசுகிறார்கள். ஆனால், வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

"ஏங்க, பின்னாலே ஏதோ தட்டுதே?" என்று மனைவி கேட்பார்.

"பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்பார் கணவர்.

அப்படித்தான் இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை! அந்தச் சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம், தேய்ந்துபோன சின்ன ரப்பர் புஷ்தான்.

புஷ் என்ன செய்கிறது?

பின் சக்கரங்களின் அச்சைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங். பல எஃகுப் பட்டைகளை அடுக்கி, வில்போல் வளைத்துக் கட்டியது அது. அதன் இரு முனைகளிலும் வளையம் உண்டு. அதைக் "கண்" என்பார்கள்.

முன் கண் ஓர் இடத்தில் நிலையாக மாட்டப்பட்டிருக்கும். பின் கண் "ஷேக்கிள்" என்ற ஊஞ்சலில் தொங்கும். பாரம் ஏறினால் வில் நிமிரும், நிமிர்ந்தால் நீளும். நீள்வதற்கு இடம் கொடுக்கத்தான் அந்த ஊஞ்சல். எஃகும் எஃகும் உரசாமல் நடுவில் இருப்பது ரப்பர் புஷ்.

ரப்பர் போனால் என்ன ஆகும்? முதலில் சத்தம். பிறகு, கண்ணுக்குள் இருக்கும் பின் ஆட்டம் காணும். பின் அச்சு இம்மியளவு முன்னும் பின்னும் நகரும். திருப்பத்தில் ஸ்டியரிங் ஒரு பக்கம் சொல்ல, வண்டியின் பின்பாகம் வேறு பக்கம் போகப் பார்க்கும். உள்ளே குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்! அப்படியே ஓட்டினால் கண்ணும் தேய்ந்து முட்டைபோல் நீண்டுவிடும். பிறகு புது ரப்பர் போட்டும் பயன் இல்லை. ஸ்பிரிங்கையே மாற்றவேண்டும்.

எமனோடு விளையாட்டு

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது எமனோடு விளையாடுவது. செங்கல் அடுக்குவதும் அப்படியே, செங்கல் நொறுங்கும். உறுதியான இரும்புத் தாங்கிகளில் வண்டியை நிறுத்தவேண்டும். அச்சுக்குத் தனியாக முட்டுக் கொடுக்கவேண்டும்.

பல வருடத் துரு பிடித்த பின் லேசில் வராது. துரு இளக்கும் எண்ணெயை முதல் நாளே விட்டு ஊறவைப்பது நல்லது. நெருப்பு வைத்து ரப்பரை எரிப்பவர்களும் உண்டு. அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. பெட்ரோல் டாங்கியும் பக்கத்திலேயே இருக்கிறது! சில வண்டிகளில் ரப்பரைச் சுற்றி இரும்பு உறை இருக்கும். அதை ரம்பத்தால் அறுத்து எடுக்கும்போது, கண்ணில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது வீண் சிக்கனம். புது ரப்பர் ஒரு பக்கம், பழைய ரப்பர் மறு பக்கம் என்றால் வண்டி எப்படி நேராகப் போகும்?

லாரிப் பட்டறையில் பழகிய கை, உடனே கிரீஸ் டப்பாவைத் தேடும். லாரியின் உலோகப் புஷ்ஷுக்கு அது சரி. ரப்பருக்கு ஆகாது. எண்ணெய் பட்ட ரப்பர் உப்பி, இளகிக் கெட்டுவிடும். உள்ளே நுழையச் சோப்புத் தண்ணீர் போதும்.

ரப்பருக்குப் பதிலாகக் கெட்டியான பாலியூரித்தேன் புஷ்ஷும் கிடைக்கிறது. நெடுநாள் உழைக்கும் என்கிறார்கள். ஆனால், அது சாலையின் அதிர்ச்சியை உள்ளே அனுப்பும். பந்தயத்துக்குப் போகிறவர் போட்டுக்கொள்ளட்டும். பாட்டியை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகிற வண்டிக்கு ரப்பரே மேல்.

கடைசி முறுக்கு

கெட்டிக்கார மெக்கானிக்குகள்கூட இங்கே அவசரப்படுகிறார்கள். சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். அது தவறு.

ரப்பர் சுழலாது, முறுக்கிக்கொண்டு திரும்பும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நின்றதுமே அது முறுக்கேறி நிற்கும். சீக்கிரமே கிழியும். ஆகையால் போல்ட்டுகளைக் கையளவு மாட்டிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் முழுவதும் சக்கரத்தில் விழுந்த பிறகே இறுக்கவேண்டும்.

ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டியிருந்தால், சில நாள் ஓட்டிய பிறகு, அச்சைப் பிடித்திருக்கும் "யு" போல்ட்டுகளின் நட்டுகளை மறுபடியும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கவேண்டும்.