மோட்டாருக்கு ஏற்ற பாதரட்சை

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில், பரீட்சைக் காகிதக் கட்டுகளைத் திண்ணையில் பரப்பிக்கொண்டு சிவப்பு மசியுடன் யுத்தம் செய்துகொண்டிருந்தேன். அப்போது எங்கள் பொட்டிப்புரத்துத் தெருவுக்குள், தெருவின் அகலத்தில் முக்கால் பங்கை அடைத்துக்கொண்டு, ஒரு கறுப்பு மோட்டார் சத்தமே இல்லாமல் நுழைந்து என் வாசலில் நின்றது. இங்கே நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க மத்திய மந்திரிசபை 2015-ல் இசைவு கொடுத்தது முதல், பெரிய மோட்டார்கள் எங்கள் ஊருக்குப் புதியவை அல்ல. அம்பரப்பர் மலையைப் பார்வையிட விஞ்ஞானிகள் வந்தார்கள். அம்மலையைக் குடையக் கூடாது என்று சொல்லத் தலைவர்கள் வந்தார்கள். ஆகவே யாரோ பெரிய மனிதர் வழி கேட்க வந்திருக்கிறார் என்று எண்ணி, மேல்துண்டைத் தேடினேன். கதவு திறந்தது. இறங்கியவர் என் மச்சான். பின்னாலேயே என் அக்காள்.

மச்சானுக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். மலைக்கு அப்பால், பூப்பாறைக்குப் பக்கத்தில் சிறிய தோட்டமும் உண்டு. மோட்டார் ஜெர்மனியில் பிறந்த ஜாதி. புதிதாய் வாங்கியவர் 50 லட்சத்துக்கு மேல் கொடுத்தாராம். ஒன்பது வருஷம் ஓடிக் களைத்த பிறகு மச்சானுக்கு அது 9 லட்சத்துக்குக் கிடைத்திருக்கிறது.

"எல்லாம் சரி, மாப்பிள்ளை. ஒரு விஷயத்தில்தான் மனம் இரண்டுபட்டு நிற்கிறது" என்று ஆரம்பித்தார். "நாலு டயரும் தேய்ந்துவிட்டன. இந்த வண்டிக்கென்று உள்ள டயர் போட்டால் நாலுக்கும் சேர்த்து 90,000 ஆகும் என்கிறான் கடைக்காரன். அதே அளவில் வேறொரு டயர் 24,000-க்குத் தருகிறானாம். பெயர்தான் வாயில் நுழையவில்லை. இரண்டும் வட்டமாகத்தானே இருக்கின்றன? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள்."

"பாட்டுப் பெட்டி மாற்ற 40,000 கொடுக்கும்போது இந்த யோசனை வரவில்லை" என்றாள் அக்காள், யாரையும் பார்க்காமல்.

"ஐம்பது லட்ச ரூபாய் மோட்டார் நமக்கேது?" என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்கு வழக்காடியவன் கதை நமக்குத் தெரியும். மச்சானுடைய வழக்கு வேறு. இவர் யானையை மலிவாக வாங்கிவிட்டார். ஆனால் யானை தின்னும் தீனி மலிவாகவில்லை. பழைய மோட்டாரின் விலை வருஷந்தோறும் இறங்கும். அதன் எடையும் வேகமும் இறங்குவதில்லை. அந்த எடையையும் வேகத்தையும் தாங்க வேண்டிய சாமான்களின் விலையும் இறங்குவதில்லை. தகுதிக்கு மேற்பட்ட பொருளை மலிவாக வாங்கி, பிறகு பராமரிப்பில் கையைச் சுருக்குவது மோட்டாரில் மட்டும் நடக்கிற காரியமா? வீடு கட்டுகிறவர்களைக் கேளுங்கள்.

நான் மச்சானை வண்டியின் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். டயர் தரையைத் தொடுகிற இடத்தில் என் உள்ளங்கையை வைத்துக் காட்டினேன். ஏறக்குறைய அவ்வளவுதான்! இரண்டாயிரம் கிலோவுக்குச் சற்றே குறைந்த அந்தப் பெரிய வண்டிக்கும் பூமிக்கும் உள்ள உறவெல்லாம் நாலு உள்ளங்கை அகலந்தான். இயந்திரத்தின் சக்தி, பிரேக்கின் பலம், ஆபத்தில் தாமாக விரியும் காற்றுப் பைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் 50 லட்சம். ஆனால் வண்டி நிற்பதும் திரும்பும் போது சறுக்காமல் இருப்பதும் அந்த நாலு உள்ளங்கைகளின் தயவில் இருக்கின்றன. பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும்; வண்டியை நிறுத்துவது டயர்.

1888-ல் டன்லப் என்னும் மிருக வைத்தியர், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டுமென்று, காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் சுற்றினார். அன்று தேவைப்பட்டது குலுங்காமை ஒன்றுதான். இன்றைய டயர் நனைந்த தார்ச்சாலையில் தண்ணீரைப் பள்ளங்களின் வழியே வெளியேற்ற வேண்டும். சூட்டில் இளகாமல் இருக்க வேண்டும். அதே சமயம் சாலையைப் பற்றும் அளவுக்கு மிருதுவாகவும் இருக்க வேண்டும். இந்த முரண்பட்ட குணங்களை ஒன்றுசேர்ப்பதில்தான் செலவு ஆகிறது. கண்ணுக்கு இரண்டும் கறுப்பு, இரண்டும் வட்டம். மழை பெய்யும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

அந்த வித்தியாசத்தை அளந்தும் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் 2012 முதல் ஒவ்வொரு டயருக்கும் ஈரச் சாலையில் பிடிக்கும் சக்தியை வகுப்புப் பிரித்து முத்திரை ஒட்டினார்கள். 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியை ஈரத்தில் நிறுத்த, முதல் வகுப்பு டயருக்கும் கடைசி வகுப்பு டயருக்கும் 18 மீட்டர் வரையில் வித்தியாசம் இருக்கலாம் என்று கண்டார்கள். 18 மீட்டர் என்றால் நாலு மோட்டார்களை வரிசையாக நிறுத்தும் இடம். அந்த இடத்தில் ஒரு பசுமாடு நிற்கலாம்; பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றும் நிற்கலாம். நம் தேசத்திலும் ஈரப்பிடிப்பு, உருளும் தடை, சப்தம் ஆகிய மூன்றுக்கும் வரம்பு விதித்து 2022-ல் விதி செய்திருக்கிறார்கள்.

"அப்படியானால் 90,000 கொடுத்துத்தான் தீர வேண்டும் என்கிறீர்களா?" என்று மச்சான் முகத்தைச் சுளித்தார்.

நான் அப்படிச் சொல்லவில்லை. சிக்கனம் வேறு, அசட்டை வேறு. சிக்கனத்துக்கு நம்மவர் சளைத்தவர்களே அல்ல. இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஜப்பானியர் 1942-ல் மலேயாவைக் கைப்பற்றியதும், உலகத்துக்கெல்லாம் ரப்பர் பஞ்சம் வந்தது. பெட்ரோல் கிடைக்காத அந்தக் காலத்தில் கரிவாயுக் கருவி செய்து மோட்டார்களை ஓடவைத்த மதுரை டி.வி. சுந்தரம் அய்யங்கார், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் போர்த்தும் தொழிலையும் ஏற்படுத்தினார். சென்னைத் திருவொற்றியூரில் 1946-ல் பிள்ளைகளுக்கு பலூன் செய்ய ஆரம்பித்த மாம்மன் மாப்பிள்ளை, 1952-ல் இந்த ரீட்ரேடிங் ரப்பரைச் செய்யத் தொடங்கி, பிறகே டயருக்கு வந்தார். எம்.ஆர்.எப். என்று இன்று நாம் அறிவது அதுதான். உடல் கெடாத லாரி டயருக்கு முறையாக ரப்பர் போர்த்துவது நல்ல சிக்கனம். உடல் நைந்து போனதற்குப் போர்த்துவதும், வளைவில் வண்டியைத் திருப்ப வேண்டிய முன் சக்கரத்தில் அதை மாட்டுவதும் சிக்கனமல்ல.

புது டயர் வாங்குகிறவர் பெயரையும் விலையையும் பார்ப்பதற்கு முன், எழுத்தைப் படிக்க வேண்டும். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால், தூணில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். இந்த வண்டிக்கு எந்த அளவு, எவ்வளவு காற்று என்பது அதில் உண்டு. மச்சானுடைய வண்டிக்கு 225/55 ஆர் 17. அதன் பின்னால் 97 டபிள்யூ. கடைசி எண்தான் சுமைக் குறி. 97 என்றால் ஒரு டயர் 730 கிலோ தாங்கும். எழுத்து வேகக் குறி. டபிள்யூ என்றால் 270 கி.மீ. வேகம் வரை தாங்கும். போடி மெட்டில் 270 கி.மீ. வேகத்தில் போகிறவர் யாருமில்லை. போனால் திரும்பி வந்து டயர் வாங்கமாட்டார். ஆயினும் அந்த எழுத்து, டயர் எவ்வளவு சூட்டைப் பொறுக்கும் என்பதற்கு அடையாளம். சீட்டில் உள்ளதற்குக் கீழே இந்த இரண்டும் இறங்கக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்து, டயரின் ஜாதகம். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் பிறந்தது என்று பொருள். ரப்பருக்கும் மூப்பு உண்டு. கிடங்கில் படுத்தே கிழமானதும் உண்டு. 'அதிசயமான மலிவு' என்று கடைக்காரர் சொல்லும்போதெல்லாம் இந்த நாலு இலக்கத்தைப் பார்த்துவிடுங்கள். அதிசயம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மூன்றாவது விஷயம் மச்சானுக்கே தெரியாது. அவருடைய மோட்டாரில் ஸ்டெப்னி கிடையாது. கம்பெனிக்காரன் ரன்-பிளாட் என்னும் தடித்த டயரைப் போட்டிருந்தான். காற்று இறங்கினாலும், 80 கி.மீ. வேகத்துக்கு மேற்படாமல் 80 கி.மீ. தூரம் ஓடும் வகை அது. சாதாரண டயருக்கு மாறலாம், தவறில்லை. விலையும் குறையும், வண்டியும் மெத்தென்று ஓடும். ஆனால் நாலையும் ஒருங்கே மாற்ற வேண்டும். பஞ்சர் ஒட்டும் சாமானும் காற்றடிக்கும் பம்பும் பின்பெட்டியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போடி மெட்டின் நடுவளைவில் ஜெர்மன் மோட்டாரில் உட்கார்ந்துகொண்டு லாரிக்காரர்களுக்குக் கைகாட்ட வேண்டியதுதான்.

சீமைப் பெயர் இருந்தால் உயர்வு என்றும், நம் நாட்டுச் சரக்கு என்றால் இளப்பம் என்றும் நினைக்கிற காலம் மலையேறிவிட்டது. இப்போது நம் கம்பெனிகளும் இவ்வளவு பெரிய வண்டிகளுக்கு இதே சுமைக் குறி, வேகக் குறியுடன் டயர் செய்கின்றன. எங்கள் மலைக்கு அந்தப் பக்கத்து மலையாள நாட்டில் பால் வடித்த ரப்பர் அதில் இருந்தாலும் இருக்கலாம். அப்படிப்பட்டது நாலு 48,000-க்குக் கிடைக்கும் என்று மதுரைக் கடைக்காரரே போனில் சொன்னார். பெயர் தெரியாத 24,000-மும் வேண்டாம். பெருமைக்கான 90,000-மும் வேண்டாம். குறி குறையாத, பிறந்த தேதி தெரிந்த நடுத்தர டயரே போதும் என்று தீர்ப்புச் சொன்னேன். மச்சான் 42,000 ரூபாய் மிச்சம் என்று கணக்குப் போட்டு, எழுந்து வேஷ்டியைத் தட்டிக்கொண்டார்.

அப்போதுதான் அக்காள் வாய் திறந்தாள்.

"ஜீப்புக்கு?" என்றாள்.

மச்சானிடம் ஒரு பழைய ஜீப் உண்டு. விடியற்காலையில் போடியிலிருந்து தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறும். பொழுது சாயும்போது இறங்கும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஆனி, ஆடியில் உச்சியில் சாரல். ஐப்பசியில் இந்தப் பக்கமும் அடைமழை, மண்சரிவு. அந்த ஜீப் எத்தனை பேருக்காகச் செய்யப்பட்டதோ, அதைப் போல் இரண்டு பங்கு பேர் அதில் போவார்கள். டயர் ஆளைக் கணக்கெடுப்பதில்லை, எடையைக் கணக்கெடுக்கும். பட்டன் தேய்ந்து 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மோட்டார் டயரைக் கழற்றிவிட வேண்டும் என்பது சட்டம். அதைக் காட்டுவதற்கென்றே பள்ளத்துக்குள் சிறு மேடு வைத்திருக்கிறார்கள். அந்த ஜீப்பின் டயர்களில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. என் தலையைப் போல் வழுவழுப்பாக இருக்கின்றன.

"பஞ்சு மெத்தையில் நாம் இரண்டு பேர் போவதற்கு இவ்வளவு ஆராய்ச்சி. அதில் பதினைந்து பேர் போகிறார்கள். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கும்" என்றாள் அக்காள்.

மச்சான் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அரைமணி நேரம் டயர் சாஸ்திரம் உபதேசித்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றாமல் போனதை நினைத்தால் வெட்கமாயிருந்தது. ஆடம்பர மோட்டாருக்கு மலிவு டயர் தகுமா என்று கேட்டோம். மோட்டாரின் விலையை வைத்தல்லவா கேட்டோம்? டயரின் தகுதி, அது தாங்குகிற உயிர்களை வைத்து அல்லவா அளக்கப்பட வேண்டும்? அந்த அளவுகோலால் பார்த்தால், எங்கள் பள்ளத்தாக்கில் மிக உயர்ந்த டயர் போட வேண்டிய வாகனம், விடியற்காலையில் மெட்டு ஏறுகிற தொழிலாளர் ஜீப்தான். டயரை மாற்றிவிட்டு, ஆளையும் வண்டிக்கு உண்டான கணக்கில் ஏற்ற வேண்டும். இரண்டாவது நடை அடிக்கும் பெட்ரோல் செலவு அதிகந்தான்.

"மிச்சம் 42,000 என்றேனே, மாப்பிள்ளை, அது மிச்சமில்லை" என்றார் மச்சான் கடைசியில். புதன்கிழமை ஜீப்புக்கு நாலு புது டயர் ஏறியது. அவரே போன் செய்து, பிறந்த தேதியையும் வாசித்துக் காட்டினார். ஆட்கணக்கைப் பற்றிக் கேட்டேன். "அதைப் பேசி முடிவு செய்ய வேண்டும்" என்றார். அக்காள் பேசுவாள் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை புறப்படும்போது மச்சான் ஒரு காரியம் செய்தார். என் ஸ்கூட்டரின் அருகே குனிந்து, பின் டயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, இதன் ஜாதகத்தை வாசித்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். வாசித்ததில்லை. அவர் போன பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தேன். அந்த டயர் பிறந்த வருஷத்தில் ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்த பையன் இப்போது காலேஜில் படிக்கிறான். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனேன்.