டார்ச் லைட் வாங்கப் போறீங்களா? லட்சம் லூமென்ஸை நம்பாதீங்க!

ஆன்லைன் கடையில் ‘டார்ச் லைட்’ என்று தேடிப் பாருங்கள். ஒரு லட்சம் லூமென்ஸ், இரண்டு கிலோமீட்டர் வெளிச்சம், 9,900 எம்.ஏ.எச் பேட்டரி, விலை 499 ரூபாய் என்று வரிசையாக வந்து நிற்கும். அதே பக்கத்தில் இன்னொரு டார்ச் 3,000 ரூபாய் விலை போட்டுக்கொண்டு, ‘1,000 லூமென்ஸ்’ என்று அடக்கமாகச் சொல்லும். லட்சம் பெரிசா, ஆயிரம் பெரிசா என்று யோசிக்காமல் பலரும் 499-ஐத் தட்டிவிடுகிறார்கள்.

கரன்ட் போனால் மெழுகுவத்தி தேடுகிற ஐந்து நிமிடத்துக்கு என்றால் அதுவே போதும். ஆனால், மும்முனை மின்சாரம் ராத்திரியில் வருகிற ஊர்களில் மோட்டார் போடவும், மடை மாற்றவும் வரப்பில் நடக்கிறவருக்கு டார்ச் என்பது உயிர் சம்பந்தப்பட்ட பொருள். 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலானவர்கள் கிராமத்து மக்கள். காலடி தெரிந்திருந்தால் இவர்களில் பலர் தப்பித்திருப்பார்கள்.

அதனால், இந்த வாரம் டார்ச்சைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

லூமென் வேறு, தூரம் வேறு

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் பைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பைப்பில் வருகிற மொத்தத் தண்ணீர்தான் லூமென். பைப்பின் வாயை விரலால் அழுத்தினால் அதே தண்ணீர் தூரத்துக்குப் பீய்ச்சி அடிக்கிறது அல்லவா, அந்த அடர்த்திதான் கேண்டெலா. தண்ணீர் கூடவில்லை, ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆழமான, பெரிய ரிஃப்ளெக்டர் உள்ள டார்ச் வெளிச்சத்தைக் குவித்துத் தூரத்துக்கு அனுப்பும். சின்ன ரிஃப்ளெக்டர் அல்லது சொரசொரப்பான லென்ஸ் உள்ள டார்ச் வெளிச்சத்தை விரித்துப் போடும். தென்னந்தோப்பின் அந்தக் கடைசியில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க முதல் வகை. காலடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்க இரண்டாவது வகை.

பெட்டியில் ‘பீம் டிஸ்டன்ஸ்’ என்று மீட்டரில் போட்டிருப்பார்கள். ‘எஃப்.எல்.1’ என்ற அமெரிக்கத் தர அளவின்படி, வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறைகிற இடம்வரை உள்ள தூரம் அது. 0.25 லக்ஸ் என்றால் ஏறக்குறைய பௌர்ணமி நிலா வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. ஆகவே, பெட்டியில் உள்ள தூரத்தில் பாதியை மட்டும் கணக்கில் வையுங்கள்.

கேண்டெலா மட்டும் போட்டிருந்தால் தூரத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர். உங்கள் வேலைக்கு 100 மீட்டர்.

அயர்ன் பாக்ஸ் கணக்கு

அந்த லட்சம் லூமென்ஸ் உண்மையா? ஒரு சின்னக் கணக்கு போட்டால் போதும்.

நல்ல எல்.இ.டி டார்ச் ஒரு வாட் மின்சாரத்தில் சுமார் 100 லூமென் தரும். சிலவற்றில் இன்னும் கொஞ்சம் கூடும். அப்படியானால் லட்சம் லூமெனுக்கு 1,000 வாட் வேண்டும். அது வீட்டு அயர்ன் பாக்ஸ் இழுக்கிற மின்சாரம்! ஒரு பேட்டரிக் கட்டை அதைத் தாங்கவே தாங்காது.

கட்டை பக்கமிருந்தும் பார்க்கலாம். இன்றைய டார்ச்களில் பரவலாக இருப்பது ‘18650’ என்ற லித்தியம் செல். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தம். நல்ல கம்பெனி செல்லில் வழக்கமாக 2,500 முதல் 3,500 எம்.ஏ.எச் வரை இருக்கும். அதே அளவு செல்லில் 9,900 என்று அச்சடித்திருந்தால் அது பொய். எடையும் காட்டிக்கொடுக்கும். நல்ல செல் 45 கிராமுக்குக் குறையாமல் இருக்கும். போலி, கையில் எடுத்தாலே லேசாக இருக்கும்.

3,500 எம்.ஏ.எச் செல்லில் சேமித்திருப்பது ஏறக்குறைய 12.6 வாட்-மணி. 1,000 லூமெனில் எரித்தால் ஒன்றேகால் மணி நேரம் வரும். 100 லூமெனில் எரித்தால் 12 மணி நேரத்தைத் தாண்டும். எந்தக் கம்பெனி என்ன சொன்னாலும் இந்தக் கணக்குக்கு வெளியே ரொம்ப தூரம் போக முடியாது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. முழு வெளிச்சத்தில் டார்ச் சூடாகும். சூடு ஏறியதும் உள்ளே இருக்கும் சர்க்யூட் வெளிச்சத்தைத் தானாகவே குறைத்துவிடும். 1,000 லூமெனில் ஆரம்பித்த டார்ச் சில நிமிடங்களில் 400-க்கு இறங்குவது சகஜம். எஃப்.எல்.1 அளவில் ‘ரன்டைம்’ என்பது வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரம். எனவே, ‘மூன்று மணி நேரம்’ என்று போட்டிருந்தால் மூன்று மணி நேரமும் ஒரே வெளிச்சம் என்று அர்த்தமில்லை. நேரம் ஆக ஆக வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்று வரைபடம் போட்டுக் காட்டும் கம்பெனியை நம்பலாம்.

யாருக்கு எது?

*வயலுக்குப் போகிறவருக்கு:* 200 முதல் 300 லூமென், விரிந்த வெளிச்சம், இரவு முழுக்க நிற்கும் பேட்டரி. ‘ஐ.பி.எக்ஸ்.7’ என்று இருக்கிறதா பாருங்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் பழுதாகாது என்று அர்த்தம். ‘ஐ.பி.எக்ஸ்.4’ மழைச் சாரலுக்கு மட்டும்தான், வாய்க்காலில் விழுந்தால் தாங்காது. நடக்கும்போது டார்ச்சை இடுப்பு உயரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் தாழ்வாக, சாய்வாகப் படும்போதுதான் தரையில் கிடப்பதற்கு நிழல் விழும், மேடு பள்ளம் பிரிந்து தெரியும். தலையில் மாட்டும் லைட்டில் கண்ணும் வெளிச்சமும் ஒரே பக்கம் இருப்பதால் தரை தட்டையாகத் தெரியும். பூச்சியும் முகத்துக்கு நேராக வந்து மோதும்.

*எலக்ட்ரீஷியன், மெக்கானிக், பிளம்பருக்கு:* இவர்களுக்குத் தலையில் மாட்டுகிற ஹெட்லேம்ப்தான் சரி. இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். அடியில் காந்தம் உள்ள டார்ச் என்றால் கார் பானெட்டிலும் ஒட்டிக்கொள்ளும். ‘சி.ஆர்.ஐ 90’ என்று போட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண் அது, நூற்றுக்கு. சாதாரண டார்ச்சில் 70 இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, பச்சை என்று நிறம் பார்த்து ஒயரைத் தொடுகிறவருக்கு அந்த 20 மதிப்பெண் பெரிய விஷயம்.

*தோட்டக் காவல், வாட்ச்மேன் வேலைக்கு:* குவிந்த வெளிச்சம், 20,000 முதல் 40,000 கேண்டெலா. அடுத்தவர் கண்ணில் அடிக்காமல் இருக்கப் பழக வேண்டும். எதிரே வருகிற வண்டிக்காரர் முகத்தில் அடித்தால் சில விநாடிகளுக்கு அவருக்குப் பாதையே தெரியாது.

*மலை ஏறுகிறவர்களுக்கு:* வெள்ளியங்கிரி போல ராத்திரியில் ஏறுகிற மலை என்றால் ஹெட்லேம்ப் ஒன்று, சட்டைப் பையில் சின்ன டார்ச் ஒன்று. குளிரில் பேட்டரியின் சக்தி குறையும். செல்போன் டார்ச்சை நம்பி ஏறினால், அவசரத்துக்குப் பேச போனில் சார்ஜ் இருக்காது.

*வீட்டில் பெரியவர்களுக்கு:* தலைமாட்டில் சின்ன டார்ச். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு, தரையில் படுத்திருப்பவரையும் கடிக்கும். ராத்திரி எழுந்தால் முதலில் டார்ச், அப்புறம்தான் கால் தரையில்.

பட்டன் ஒன்று போதும்

விலை உயர்ந்த டார்ச்களில் ஒரு தட்டு தட்டினால் ஒன்று, இரண்டு தட்டினால் ஒன்று, அழுத்திப் பிடித்தால் கண் கூசும்படி வெட்டி வெட்டி எரிவது என்று ஏழெட்டு வித்தை இருக்கும். இளைஞர்களுக்கு அது விளையாட்டு. சேற்றுக் கையோடு அவசரமாக அமுக்குகிற அறுபது வயதுக்காரருக்கு அது இம்சை. அப்பாவுக்கு வாங்குவதாக இருந்தால், அழுத்தினால் எரிய வேண்டும், அழுத்தினால் அணைய வேண்டும். அதற்கு மேல் ‘கூட - குறைய’ என்று இரண்டே நிலை போதும்.

வெளிச்சத்தின் நிறத்தையும் கவனியுங்கள். நீலம் கலந்த வெள்ளை (6,500 கெல்வின்) பளிச்சென்று தெரியும். ஆனால் மூடுபனியில் திருப்பிக் கண்ணிலேயே அடிப்பது போலக் கூசும், மண்ணும் சருகும் ஒரே சாம்பலாகத் தெரியும். 4,000 முதல் 5,000 கெல்வின் வரை உள்ள வெளிச்சத்தில் பழுப்பு நிறங்கள் நன்றாகப் பிரிந்து தெரியும். சருகு மேல் கிடக்கும் விரியனைக் கண்டுபிடிக்க இதுதான் உதவும்.

பேட்டரியில் கஞ்சத்தனம் வேண்டாம்

லித்தியம் செல்லை இந்தியத் தரநிலை ‘ஐ.எஸ் 16046’-ன்படி பதிவுசெய்து விற்க வேண்டும். செல் மேல் அந்த எண்ணும், ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். ‘பி.ஐ.எஸ் கேர்’ செயலியில் அந்தப் பதிவு எண்ணைத் தட்டினால் உண்மையா என்று தெரிந்துவிடும்.

கழற்றிய செல்லைச் சாவி, சில்லறையோடு பையில் போடாதீர்கள். இரண்டு முனையும் உலோகத்தில் பட்டால் தீப்பிடிக்கும். உப்பிப்போன, மேல் உறை கிழிந்த செல்லை சார்ஜ் போடவே கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் டார்ச்சை விட்டுவிட்டுப் போகாதீர்கள். சாதாரண பென்சில் செல் போடும் டார்ச் என்றால், பல மாதம் எடுக்காதபோது செல்லைக் கழற்றி வையுங்கள், கசிந்து உள்ளே துருப்பிடிக்கும்.

முக்கியமாக ஒன்று: வீட்டில் கேஸ் வாடை அடித்தால் ஸ்விட்ச்சைப் போல டார்ச்சையும் அங்கே தட்டக் கூடாது. பெட்ரோல் டேங்க், கேஸ் கிடங்கில் வேலை செய்கிறவர்களுக்கு, பொறி கிளப்பாதபடி செய்து, ‘பெசோ’ என்ற மத்திய அரசு அமைப்பின் அனுமதி பெற்ற தனி டார்ச் உண்டு. அங்கே நம் டார்ச் உதவாது.

வாங்கியதும் பாருங்கள்

பார்சல் வந்த அன்றே, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், இருட்டு அறையில் விட்டத்தைப் பார்த்து எரியவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து வெளிச்சம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் டார்ச்சின் உண்மையான வெளிச்சம். குறைந்த வெளிச்சத்தில் வைத்து செல்போன் கேமராவில் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் வெளிச்சம் துடிக்கிறது என்று பொருள். நெடுநேரம் அதில் வேலை செய்தால் கண் வலிக்கும்.

டார்ச்சோடு முழங்கால் வரை ஒரு பூட்ஸும் கையில் ஒரு கம்பும் சேர்ந்தால்தான் வயலுக்குப் பாதுகாப்பு முழுசாகும். அதையும் மீறிக் கடித்துவிட்டால் கடிவாயைக் கீறுவது, கயிறு கட்டுவது எதுவும் வேண்டாம். கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

டார்ச்சுக்கு வாசல் பக்கம் ஓர் ஆணி அடித்து, அதிலேயே மாட்டிப் பழகுங்கள். இருட்டில் டார்ச்சைத் தேட இன்னொரு டார்ச் வாங்க முடியாது இல்லையா!