காந்தி மார்க்கெட்டுப் பானையும் கைப்பேசியில் விலைபோகும் குதிரையும்

மார்கழிக் கடைசியில் திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டுக்குச் சென்ற குடியானவர் எவரும் அறிந்த காட்சி இது. 1927-ல் விஸ்தரிக்கப்பட்டு மகாத்மாவின் பெயரைப் பெற்ற அச்சந்தையைச் சுற்றிலும் கரும்புக் கட்டுகளும் மஞ்சட் கொத்துகளும் வந்திறங்குகையில், அவற்றின் பக்கத்திலேயே பொங்கற் பானைகள் வைக்கோலின்மேல் அடுக்கப்பட்டிருக்கும். கரும்பு வாங்குகிறவர் பேரம் பேசுவதில் சற்றுத் தாராளமாயிருக்கிறார். பானை வாங்குகிறவரோ சுண்டிப் பார்த்து, ஓசை சரியாயிருக்கிறதென்று திருப்தியடைந்த பின்னரும் பாதி விலைக்கே கேட்கிறார். பண்டிகை கழிந்த மறுநாள் அப்பாதியும் கிடையாது. மீந்த கரும்பையாவது மாட்டுக்குப் போடலாம்.

மண்வேலை செய்வோரிற் பலர் நம்மைப்போலவே சிறிது நிலத்தையும் வைத்துக்கொண்டு, வயல்வேலை ஓய்ந்த காலத்திற் சக்கரத்தில் அமர்கிறவர்கள். இவர்கள் தங்கள் பொருள்களை இணையத்தின் வழியே நேராகப் பட்டணத்தாருக்கு விற்றுக்கொண்டால் கஷ்டம் தீருமென்று இப்பொழுது பலரும் சொல்லி வருகின்றனர். இந்த யோசனையை யானும் ஆதரிக்கிறேன். ஆயினும், சொல்லப்படுகிற அளவுக்கு அது எளிதென்று நம்பவில்லை.

முதலாவது, பானை தபாலிற் போகும் சரக்கன்று. கனம் அதிகம், விலை சொற்பம், வழியில் உடையும். கூலியும் கட்டுமானமும் சேர்ந்து பானையின் கிரயத்தைத் தாண்டிவிடும். அகலும் அடுப்பும் இப்படியே. இவற்றுக்குச் சந்தையே சரியான இடம். தூரதேசத்தார் ஆசையோடு விலை கொடுத்து வாங்கக்கூடியது வேறொன்று உண்டு. அதுதான் மண்குதிரை.

புதுக்கோட்டைக்கருகில் நமுணசமுத்திரம் ஐயனார் கோயிலுக்குச் சென்றவர், பாதையின் இருமருங்கிலும் வரிசையாய் நிற்கும் சுடுமண் குதிரைகளைக் கண்டிருப்பர். ஊரார் பிடிமண் கொடுத்தால்தான் வேளார் வேலையைத் தொடங்குவார். களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்து, கால்களைக் குழாய்போல் தனித்தனியே எழுப்பி, உடலைப் படிப்படியாய் அவற்றின்மேல் ஏற்றுகிறார். உள்ளே கூடாயிருக்க வேண்டும். ஆவி வெளியேறத் துவாரமும் வேண்டும். இல்லையேல் சூளையில் வெடித்துவிடும். புரவி எடுப்பு நாளில் ஊரே அதனைச் சுமந்து செல்லும். இத்தகைய குதிரைகளை டெல்லியிலுள்ள கைவினைப் பொருட்காட்சிசாலையிலும் வைத்திருக்கின்றனர். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாம் அன்றாடம் கண்டு அலட்சியப்படுத்தும் பொருளின் மதிப்பைப் பிறர் அறிந்திருக்கின்றனர் என்பதற்கு இவை போதும்.

ஒரு முழ உயரக் குதிரையோ, யானையோ, கன்னிமார் உருவமோ வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடைத்தால் சேதமின்றிப் போய்ச் சேரும். வாங்குகிறவர் விரல் பதிந்த தடத்தையும், எந்த ஊர் மண் என்பதையும், செய்தவர் பெயரையும் விரும்புகிறார். அச்சில் வார்த்ததுபோல் வழவழப்பாக்கி வண்ணம் பூசுவோர் தங்கள் முதலைத் தாமே கெடுத்துக்கொள்கின்றனர் என்பது என் அபிப்பிராயம். வரி விஷயத்திலும் முன்போல் பயமில்லை. குறிப்பிட்ட வரம்புக்குட்பட்ட விற்றுமுதலுடையோர், மாநிலத்துக்குள்ளேயே விற்பதானால், இணைய அங்காடிகளிற் சேர ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமன்று என 1-10-2023 முதல் விதி தளர்த்தப்பட்டது. தாமே விற்கத் தயங்குவோர் திருச்சி சிங்காரத்தோப்பிலுள்ள பூம்புகார் நிலையத்தை அணுகிப் பார்க்கலாம்.

இவ்வளவும் சரி, மண் எங்கே? இதைப் பற்றி எழுதவே பேனாவை எடுத்தேன். படம் பிடிக்கவும் பெட்டி கட்டவும் ஊரிலுள்ள பிள்ளைகள் கற்றுக் கொடுத்துவிடுவர். கண்மாய் மண்ணைப் பிள்ளைகளால் வாங்கித்தர முடியாது.

ஏரி குளங்களின் வண்டல் மண்ணை விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் இலவசமாய் எடுத்துக்கொள்ள 2017-ல் அரசாங்கம் வழிசெய்தது. 2024-ல் அந்த அனுமதியைத் தாசில்தாரே அளிக்கலாமென எளிதாக்கப்பட்டது. விதியிற் கண்ட அளவைக் கவனியுங்கள். நன்செய் ஏக்கர் ஒன்றுக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர், மண்பாண்டத் தொழிலாளருக்கோ 60 கன மீட்டர், அதாவது சுமார் 20 டிராக்டர் நடை. ஓர் ஏக்கர் வயலுக்கு நாம் அடிக்கும் மண்ணிலும் அவர் பங்கு குறைவு. அங்ஙனமிருக்க, வேளார் ஒருவர் வண்டியோடு கண்மாய்க்குட் போனால் ஆயக்கட்டுதாரர் ஆட்சேபிக்கிறோம். செங்கற்சூளைக்கு இரவில் லாரி போவதைக் கண்டும் காணாதவர்போல் இருந்துவிடுகிறோம். இது நியாயமா என்று மிராசுதாரர்கள் யோசிக்கவேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் ஒரு வார்த்தை. மனு வந்தால் ஏதோ ஒரு மூலையைக் காட்டி, அங்கே வெட்டிக்கொள் என்பதில் பயனில்லை. வயலுக்கு எம்மண்ணும் உதவும். வனைவதற்கு எம்மண்ணும் உதவாது. நத்தையோடு கலந்த மண்ணில் செய்த உருவம் நன்றாகவே வேகும். பிறகு அந்த ஓட்டுத்துண்டு சுண்ணாம்பாகி, ஈரம் பட்டதும் பூத்து, மேற்பரப்பைப் பெயர்த்துவிடும். சந்தையில் விற்ற பானையானால் அதோடு போயிற்று. ஆயிரம் மைலுக்கப்பால் விற்ற குதிரை அப்படிப் பெயர்ந்தால், வாங்கியவர் உலகறிய எழுதிவைப்பார். அவ்வூர்ச் சரக்கை அப்புறம் ஒருவரும் தொடார். ஆகையால் மண்ணைத் தெரிந்தெடுக்கும் உரிமை வனைகிறவருக்கே இருக்கவேண்டும். கண்மாயில் நல்ல களி கிடைக்கும் இடத்தை அடையாளமிட்டு அவர்களுக்கென்று ஒதுக்கிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

மூலதனத்துக்கு, 2025-ல் தொடங்கப்பட்ட கலைஞர் கைவினைத் திட்டத்தின்கீழ் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவிகிதம், உச்சமாக 50,000 ரூபாய், மானியமும் உண்டு. அதனைக் கொண்டு முதலில் ஓர் உலர்த்துங் கொட்டகை போடுவதே புத்தி. ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரம் காயாமல் கெடும் உருவங்களே இத்தொழிலின் பெருநஷ்டம். தீபத்துக்கும் பொங்கலுக்குமான வேலை அந்த மழையிலேதான் விழுகிறது.

மண்ணெடுப்பதற்குக் காலம் கோடை. கண்மாய் வற்றியிருக்கும் வைகாசிக்குள் ஒரு வருஷத்து மண்ணைச் சேர்த்து மேட்டிற் குவித்துவிட வேண்டும். ஆடிக்குப்பின் தண்ணீர் வந்துவிட்டால் அனுமதிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நிற்க வேண்டியதுதான். மே 1-ல் கூடும் கிராம சபையில் இவ்விஷயத்தை எடுத்து, தங்கள் ஊர் வேளார் மனு எந்த மேஜையில் இருக்கிறதென்று விசாரிக்கும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.