கானகச் சாலையும் நம் கடமையும்

சத்தியமங்கலத்திலிருந்து சாம்ராஜ்நகர் செல்லும் நெடுஞ்சாலை எழில்மிக்கது. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஆசனூர்க் காடு விரிகிறது. யானைகளைக் காணும் விழைவோடு அவ்வழிப் பயணம் திட்டமிடுவோர் பலர். ஆயின், 2013இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அக்காட்டில் நாம் விருந்தினரே என்பதை மறத்தல் ஆகாது.

வாகனங்களில் அடிபட்டு வனவிலங்குகள் மடிவதைத் தடுக்க, உயர் நீதிமன்ற ஆணைப்படி 2022இல் அங்கு இரவுப் போக்குவரத்துக் கட்டுப்படுத்தப்பட்டது. இதனை இடையூறெனக் கருதுவோருடன் நாம் உடன்படோம். இரவேனும் அவ்வுயிர்களுக்கு உரியதாகட்டும்.

கரும்பு லாரிகளிலிருந்து சாலையோரம் விழும் கரும்பே யானைகளைச் சாலைக்கு ஈர்க்கிறது; நாம் நீட்டும் பழமும் அதே தீங்கையே விளைவிக்கும். எனவே, பகலில் புறப்படுவோம்; காட்டிடையே வண்டியை நிறுத்தாதிருப்போம்; உணவெதுவும் வீசாதிருப்போம். யானை தென்படாவிடினும் பயணம் வீணன்று. அது தன் காட்டில் அச்சமின்றி உலவுவதே நாம் விரும்பத்தக்கது.