பொத்துவில் கரையோரம்: கணக்கில் வராத செலவு

பொத்துவில் பிரதேசத்தின் உல்லாசப் பயணத்துறை பற்றிப் பேசப்படும் போதெல்லாம் அறைகளின் எண்ணிக்கையும் அந்நியச் செலாவணியுமே முன்வைக்கப்படுகின்றன. அறுகம்குடாவின் அலைகளை நாடி வருவோரால் உல்லையில் பல குடும்பங்களின் அடுப்பு எரிகின்றது என்பதை நாமும் மறுக்கவில்லை. எனினும், இந்த வரவுக்கு எதிரே எழுதப்பட வேண்டிய ஒரு செலவு இன்னமும் எழுதப்படவில்லை. அது கிணற்று நீர்.

மணற்பாங்கான கரையோரத்தில் மழைநீர் நிலத்தடி உப்புநீரின் மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயர்ந்திருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கலாம் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. இதன் மறுபக்கம் அச்சமூட்டுவது. மேலே ஓர் அடி இறைத்துக் குறைத்தால், கீழிருந்து உப்புநீர் பல மடங்கு மேலெழும். அந்த மழைநீரை உறிஞ்சி வைத்திருப்பவை மண்மேடுகளும் திறந்த மணல்வெளிகளும்தான். அவற்றைச் சமப்படுத்திக் கொங்கிறீட் இட்டால், நிலத்துள் இறங்க வேண்டிய நீர் கடலுக்கு ஓடிவிடும்.

பொத்துவிலுக்கு இதில் தனியான ஓர் இடர் உண்டு. கிழக்கில் மாரி பொழிவது பெரும்பாலும் நவம்பர் தொடக்கம் ஜனவரி வரையிலாகும். அறுகம்குடாவின் பருவமோ மே முதல் ஒக்டோபர் வரை. கச்சான் காற்று வீசிக் கிணறுகள் அடிமட்டத்துக்கு இறங்கும் வேளையிலேயே விடுதிகள் நிரம்புகின்றன. வசதியுள்ள விடுதி ஆழமான குழாய்க்கிணறு அமைத்து வலுவான மோட்டார் பூட்டிக்கொள்ளலாம், அல்லது பவுசரில் தண்ணீர் வாங்கலாம். அயலிலுள்ள கரைவலைத் தொழிலாளியின் ஆழமற்ற கிணறே முதலில் உவர்ப்படையும். நெருக்கமாக வெட்டப்படும் மலசலகூடக் குழிகளின் கழிவும் அதே மணலூடாக அதே கிணற்றை வந்தடையும். இலாபம் ஒருவருக்கு, உவர்நீர் இன்னொருவருக்கு என்ற ஏற்பாட்டை அபிவிருத்தி என அழைக்க எமக்கு மனம் ஒப்பவில்லை.

மண்மேடு இன்னொரு வேலையையும் கூலியின்றிச் செய்கின்றது. 2004 டிசம்பர் 26 இல் யால பகுதியில், கடல் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக முன்னிருந்த மண்மேட்டின் ஒரு பகுதியை அகற்றியிருந்த விடுதி சுனாமியில் அழிந்ததை ஆய்வாளர்கள் பின்னர் பதிவு செய்தனர். நாட்டிலேயே அதிக உயிர்களை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை, இழந்தது எமது அம்பாறை மாவட்டம். கரையோரக் கிணறுகளை மீட்க அன்று பட்ட பாட்டை இப்பகுதியினருக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. 2013 இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகமோ, கரையோரம் மணலை இடம்பெயர்த்துச் செல்லும் கடலின் வேலையைக் குறுக்கிட்டது. ஒரு புறம் மணல் குவிந்து படகுகளின் வழி அடைபட்டது. மறு புறம் காணிகளும் தென்னைகளும் கடலோடு போயின.

களப்புகளின் நிலையும் இத்தகையதே. ஹெட ஓயாவின் வெள்ளத்தை ஏந்திக்கொள்வது அறுகம் களப்பு. அதன் கண்டல்களும் சேறும் இறாலுக்கும் மீன்குஞ்சுகளுக்கும் வளரிடம். ஓரங்களை நிரப்பி மதில் கட்டினால் வெள்ளம் வேறிடம் தேடும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியைக் கட்டடங்களுக்குக் கொடுத்த சென்னை, 2015 டிசம்பரில் கண்ட வெள்ளம் இதற்குச் சான்று.

சட்டம் இல்லாமலில்லை. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, கடலிலிருந்து 300 மீற்றர் வரையான கரையோர வலயத்தில் அபிவிருத்தி வேலைகளுக்கு அனுமதி பெற வேண்டும். ஆனால், விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன, ஒவ்வொன்றாகவே தீர்மானிக்கப்படுகின்றன. ஒரு விடுதி ஒரு கிணற்றையும் வற்றச் செய்யாதிருக்கலாம். ஐம்பது விடுதிகள் சேர்ந்து என்ன செய்யும் என்று கேட்பதற்கு எந்த மேசையிலும் ஆளில்லை.

சூழல் பாதுகாப்பு என்றதும் இப்பகுதி மக்கள் சந்தேகிப்பதற்கும் காரணம் உண்டு. 2010 இல் பாணமையின் ராகம்வெல, சாஸ்திரவெல மக்கள் தமது நிலங்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 2020 இல் பொத்துவில் முஹுது மகா விகாரையை அண்டிய காணிகள் சர்ச்சைக்குள்ளாகின. காக்கிறோம் என்று வருவோர் காணியை எடுத்துக்கொள்வார்களோ என்ற அச்சத்தைப் போக்காமல் எந்த மண்மேட்டையும் காக்க முடியாது. ஆகவே, இது கொழும்பிலிருந்து எல்லைக்கல் நடும் வேலையாக அமையக் கூடாது.

பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒவ்வோர் ஆண்டும் பருவம் தொடங்கும் முன்னரும் முடிந்த பின்னரும் கிணறுகளின் உவர்த்தன்மையை அளந்து பகிரங்கப்படுத்தலாம். அதற்குப் பெருந்தொகை நிதி தேவையில்லை. மழைநீரை நிலத்துக்குள் விடும் ஏற்பாடும் முறையான கழிவகற்றலும் இல்லாத விடுதிக்கு அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்காது விடலாம். ஹெட ஓயா நீர்த்தேக்கம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் கூறுகின்றனர். அது மக்களின் நியாயமான, நெடுநாள் கோரிக்கை. ஆயினும் குழாயில் வரும் நீர் குடிக்க உதவுமே தவிர, கடலையும் வெள்ளத்தையும் தடுக்கும் வேலையை மண்மேடும் களப்புமே செய்தாக வேண்டும்.